எது ஒன்று?

‘எத்தனை?’ என்ற கேள்வியைப்போல் சுலபமான கேள்வி வேறு இல்லை என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். ‘ஏன்?’ என்று கேட்டால் யோசிக்க வேண்டும். ‘எப்படி?’ என்று கேட்டால் விவரம் தெரிந்திருக்க வேண்டும். ‘நல்லதா, கெட்டதா?’ என்று கேட்டாலோ சண்டையே வந்துவிடும். ‘எத்தனை?’ என்றால் மட்டும் விரலை நீட்டி எண்ணிச் சொல்லிவிட்டுப் போகலாம். அதிலே அபிப்பிராய பேதத்துக்கு இடம் ஏது? அதனால்தான் வாதத்தில் தோற்கப் போகிறவன்கூடக் கடைசியில் ஒரு புள்ளிவிவரத்தை எடுத்து வீசுகிறான். எண் பொய் சொல்லாது என்பது நம்முடைய அசைக்க முடியாத நம்பிக்கைகளில் ஒன்று.

அந்த நம்பிக்கையைப் பற்றித்தான் இங்கே கொஞ்சம் பேச நினைக்கிறேன். துணைக்கு நான் அழைத்துக்கொள்வது ஒரு ஞானியையோ புராணத்தையோ அல்ல, கம்ப்யூட்டரை. தத்துவ விசாரத்துக்கு இது என்ன துணை என்று சிரிக்க வேண்டாம். எண்ணுவதற்கென்றே பிறந்த இயந்திரம் அது. ‘உனக்குள் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?’ என்று அதனிடமே கேட்டால் என்ன பதில் வருகிறது என்று பார்ப்பது வீண் வேலை ஆகாது.

எங்கள் ராயபுரத்தில், அடுத்த தெருவில், ஒரு பிள்ளை இருக்கிறான். துறைமுகச் சரக்குகளைக் கையாளும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவனுக்கு உத்தியோகம். ஒரு கதைக்காகச் சில விவரங்கள் விசாரிக்கப் போன இடத்தில், “உங்கள் ஆபீஸ் இயந்திரத்தில் எத்தனை பிராசஸர், தம்பி?” என்று கேட்டேன். பிராசஸர் என்பது கணக்கு வேலையைச் செய்து முடிக்கிற பாகம். கம்ப்யூட்டரின் உழைப்பாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் விசைப்பலகையில் ஏதோ தட்டினான். திரையில் ஒரு நீண்ட ஜாபிதா ஓடியது. பூஜ்யத்திலிருந்து பதினைந்து வரை இலக்கமிட்ட பிராசஸர்கள்.

“பதினாறு சார்” என்றான். உடனே, “ஆனா பெட்டியைத் திறந்து பார்த்தீங்கன்னா ஒண்ணுதான் இருக்கும். அந்த ஒண்ணுக்குள்ள எட்டு இருக்கு” என்றும் சொன்னான்.

“ஒன்றா, எட்டா, பதினாறா? எதுதான் நிஜம்?”

“மூணுமே நிஜம்தான் சார். நீங்க எதுக்காகக் கேக்கறீங்கன்னு சொன்னா, எதைச் சொல்லணும்னு சொல்றேன்.”

அந்தப் பிள்ளை வேதாந்தம் பேசவில்லை. தன் தொழிலில் தினந்தோறும் நடக்கிற ஒரு சங்கதியைச் சொன்னான், அவ்வளவுதான். ஆனால் நம்முடைய ஊர் விவகாரங்கள் பலவற்றுக்கும் அந்தப் பதிலில் ஒரு திறவுகோல் இருக்கிறது.

முதலில் மூன்று பதில்களும் எங்கிருந்து வந்தன என்று பார்த்துவிடலாம். பலகையில் பொருத்தியிருப்பது ஒரே சில்லு. கடையில் காசு கொடுத்து வாங்குவது அதைத்தான். அதனால் வாங்குகிறவனுக்கு விடை ஒன்று. அந்தச் சில்லுக்குள் தனித்தனியே கணக்குப் போடக்கூடிய எட்டுக் கருவிகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ‘கோர்’ என்று பெயர். அதனால் சில்லைச் செய்தவனுக்கு விடை எட்டு. பதினாறு எப்படி வந்தது என்பதுதான் சுவையான கதை.

ஒரு கல்யாண வீட்டுச் சமையல்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கையில் ஒரு சீட்டு இருக்கிறது: சோறு வடிக்க வேண்டும். உலை கொதிக்கும் வரை அவர் சும்மா நிற்கிறார். கெட்டிக்காரரான வீட்டுக்காரர் அவரிடம் இரண்டாவது சீட்டையும் கொடுத்து வைக்கிறார்: காய் நறுக்க வேண்டும். இப்போது உலைக்குக் காத்திருக்கும் நேரத்தில் காய் நறுங்குகிறது. ஆள் ஒருவர்தான், சீட்டு இரண்டு. கம்ப்யூட்டரின் கோரும் நினைவகத்திலிருந்து விவரம் வந்து சேரும் வரை இப்படி எத்தனையோ கணங்கள் சும்மா நிற்கிறது. அந்த ஓய்வைப் பயன்படுத்திக்கொள்ள இரண்டாவது சீட்டைக் கொடுக்கும் முறையை இன்டெல் கம்பெனி 2002-ல் தன் சில்லுகளில் கொண்டுவந்தது. ‘ஹைப்பர் த்ரெடிங்’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். இதனால் வேலை இரட்டிப்பாகிவிடாது. சில வேலைகளில் கணிசமாகக் கூடும். சிலவற்றில் ஒன்றுமே கூடாது. இரண்டு சீட்டிலும் ‘காய் நறுக்கு’ என்றே எழுதியிருந்தால், கத்தி ஒன்றுதானே?

அப்படியிருந்தும் கம்ப்யூட்டரை நிர்வகிக்கிற இயங்குதளம் என்ன சொல்கிறது? சமையல்காரர்களை விட்டுவிட்டுச் சீட்டுகளை எண்ணிப் பதினாறு என்கிறது.

இது பொய்யா? அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. இயங்குதளம் ஒரு மேஸ்திரி. வருகிற வேலைகளை யார் யாரிடம் ஒப்படைப்பது என்பதுதான் அதன் கவலை. எத்தனை இடத்தில் சீட்டு நீட்டலாம் என்று தெரிந்தால் அதற்குப் போதும். அதன் பார்வையில் ‘ஒன்று’ என்பது சீட்டு வாங்கிக்கொள்ளும் ஒரு கை. அதனால் பதினாறு என்பது அதன் வரையில் சத்தியமான வார்த்தை.

இன்னொரு விஷயத்தையும் சொல்லவேண்டும். லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் இந்த ஜாபிதா ‘சிபியு இன்ஃபோ’ என்ற கோப்பில் கிடைக்கிறது. கோப்பு என்று பெயரே ஒழிய, அது வட்டில் எங்கும் எழுதி வைத்ததல்ல. கேட்கிற கணத்தில் புதிதாக எழுதிக் கொடுக்கப்படுகிறது. அதிலே ஒவ்வொரு பிராசஸரின் பெயருக்குக் கீழேயும் சில வரிகள் இருக்கின்றன. எந்தச் சில்லைச் சேர்ந்தது, எந்தக் கோரைச் சேர்ந்தது, அந்தச் சில்லில் மொத்தம் எத்தனை கோர், எத்தனை ‘சிப்லிங்ஸ்’, அதாவது உடன்பிறப்புகள், என்றெல்லாம் எழுதியிருக்கிறது. கோர் 8 என்றும் உடன்பிறப்புகள் 16 என்றும் இருந்தால், இரண்டிரண்டு பேர் ஒரே வயிற்றைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்று அறிந்துகொள்ளலாம். விண்டோஸ் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களும் ‘டாஸ்க் மானேஜர்’ என்பதைத் திறந்து பார்த்தால் சாக்கெட் இத்தனை, கோர் இத்தனை, லாஜிகல் பிராசஸர் இத்தனை என்று மூன்று எண்களை அடுத்தடுத்துக் காணலாம்.

தலைப்பிலே பெரிய எண்ணைப் போட்டாலும், அடியிலே விவரத்தை எழுதி வைத்துவிடுகிறது அந்த இயந்திரம். தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் போகிறவன் ஏமாந்தால் அதன்மேல் குற்றம் சொல்ல முடியாது. இந்த அடிவரியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் கட்டுரை முழுவதும் அதைச் சுற்றியேதான் போகப் போகிறது.

சரி, இயங்குதளத்துக்கு இதெல்லாம் எப்படித் தெரிகிறது? அது கண்ணால் பார்த்துச் சொல்லவில்லை. கேட்டுச் சொல்கிறது. இயந்திரத்தை எழுப்பிவிடுகிற ஆரம்ப நிரல் ஒரு பட்டியலைக் கொடுத்துவிட்டுப் போகிறது. பிறகு இயங்குதளம் ஒவ்வொரு பிராசஸரையும் நேரே கேட்கிறது: நீ யார்? உன் சாமர்த்தியம் என்ன? உனக்குள் எத்தனை பேர்? இப்படிக் கேட்பதற்கென்றே 1993-ல் வந்த பென்டியம் காலத்தில் ஒரு கட்டளையை ஏற்படுத்தினார்கள். அதற்கு முந்திய சில்லுகளுக்குத் தன் பெயரைச் சொல்லத் தெரியாது. ஏதாவது ஒரு சின்ன வேலை கொடுத்து, அதைச் செய்கிறதா, முழிக்கிறதா என்று பார்த்து, ‘சரி, இது இன்ன ரகம்’ என்று ஊகித்துக்கொள்வார்கள். பெயர் சொல்லத் தெரிந்த பிறகோ, ஒவ்வொரு கம்பெனியின் சில்லும் பன்னிரண்டு எழுத்தில் தன்னை அறிவித்துக்கொள்கிறது. ஒன்று ‘ஜெனுவின் இன்டெல்’ என்கிறது. இன்னொன்று ‘அதென்டிக் ஏஎம்டி’ என்கிறது. அசல் நான்தான் என்று இருவருமே மார் தட்டிக்கொள்கிறார்கள். பாரிமுனையில் அடுத்தடுத்த கடைகளில் ‘ஒரிஜினல்’ என்று பலகை தொங்கவில்லையா? அந்த மாதிரிதான்.

கேட்டுச் சொல்கிறவன், தான் கேட்ட இடம் யோக்கியமாக இருக்கும் வரையில்தான் யோக்கியன். ஒரு பெரிய கம்ப்யூட்டரைப் பல சிறு கம்ப்யூட்டர்களாகப் பாவனை செய்து வாடகைக்கு விடும் தொழில் இன்று உலகம் பூராவும் நடக்கிறது. அப்படிப்பட்ட பாவனை இயந்திரத்தில் இயங்குதளம் ‘நீ யார்?’ என்று கேட்டால், பதில் சொல்வது பிராசஸர் அல்ல. நடுவில் நின்று வாடகைக்கு விடும் நிரல் கேள்வியை வழிமறித்து, தனக்கு இஷ்டமான பதிலைச் சொல்லி அனுப்புகிறது. ‘நான்கு’ என்றால் இயங்குதளம் நான்கு என்றே நம்பி, நமக்கும் அப்படியே சொல்கிறது. வாடகைக்காரர்கள் பெரும்பாலோர் ஒரு பிராசஸர் என்று பெயர் சொல்லிக் கொடுப்பது ஒரு முழுக் கோரைக்கூட அல்ல, ஒரு சீட்டைத்தான்.

இதிலும் ஒரு நாகரிகம் வைத்திருக்கிறார்கள். அந்தப் பதிலுக்குள் ஒரு சின்ன அடையாளத்தைச் சேர்த்து அனுப்புவது மரபு. ‘நீ இருப்பது சொந்த வீடு அல்ல’ என்பது அதன் பொருள். தேடிப் பார்த்தால் தெரியும், தேடாதவனுக்குத் தெரியாது. இங்கேயும் அதே அடிவரிதான்.

வாடகை வீடு என்றதும் நம்முடைய ஒண்டுக்குடித்தனம் நினைவுக்கு வருகிறது. வடசென்னையில் ஒரு வாசலுக்குள் எட்டுக் குடும்பம் வாழ்ந்த வீடுகள் அநேகம். ‘உங்கள் வீட்டில் கிணறு உண்டா?’ என்றால் உண்டு. ‘மொட்டை மாடி?’ அதுவும் உண்டு. ‘குழாய்?’ உண்டு. ஒன்றுகூடப் பொய் இல்லை. ஆனால் காலை ஐந்து மணிக்குக் குழாயடியில் போய் நின்று பார்த்தால்தான் ‘உண்டு’ என்ற சொல்லுக்கு எட்டில் ஒரு பங்கு அர்த்தமே மிச்சம் என்று தெரியும்.

கம்ப்யூட்டரிலும் இந்த ஒண்டுக்குடித்தனம் உண்டு. நிரல்களைத் தனித்தனி அறையில் அடைத்து ஓட்டும் ஒரு முறைக்குக் ‘கன்டெய்னர்’ என்றே பெயர். அறைக்குள் இருக்கிற நிரல் ‘எத்தனை பிராசஸர்?’ என்று கேட்டால், அந்த மாளிகை முழுவதிலும் உள்ள அறுபத்து நான்கையும் எண்ணிச் சொல்லிவிடுவது உண்டு. ஆனால் அந்த அறைக்கு ஒதுக்கப்பட்டதோ இரண்டு பேருடைய உழைப்புதான். ஜாவா மொழியில் எழுதிய நிரல்கள் இப்படி நம்பி, அறுபத்து நான்கு பேருக்கான வேலையாட்படையை எழுப்பிவிட்டு, இரண்டு பேர் இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு திணறின. 2018-ல் வந்த ஜாவா 10-ல் இதைத் திருத்தினார்கள். ‘இந்த ஊரில் எத்தனை இருக்கிறது?’ என்ற கேள்வியை விட்டு, ‘எனக்கென்று எத்தனை?’ என்று கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஹைப்பர் த்ரெடிங்கில் ஒன்று இரண்டாகிப் பேசியது. இங்கே எண்ணிக்கை அப்பட்டமான நிஜம். ஆனால் கேட்டவனுக்கு அது சொந்தமில்லை. நிஜமான எண்ணைச் சொல்லியும் ஒருவனைக் கெடுக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

கன்டெய்னர் என்ற வார்த்தையைக் கேட்டால் எங்கள் பக்கத்துக்காரர்களுக்குக் கம்ப்யூட்டர் நினைவுக்கு வராது. இரும்புப் பெட்டிதான் நினைவுக்கு வரும். 1983-ல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் தொடங்கிய நாளிலிருந்து, ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் சாலைகளெல்லாம் அந்தப் பெட்டிகளின் ராஜ்யமாகிவிட்டன. பள்ளிக்கூடம் போகிற குழந்தைக்குக்கூட இருபது அடிப் பெட்டிக்கும் நாற்பது அடிப் பெட்டிக்கும் வித்தியாசம் தெரியும்.

துறைமுகங்கள் பெட்டிகளை எப்படி எண்ணுகின்றன தெரியுமா? இருபது அடிப் பெட்டி ஒன்று என்றால் ஒன்று. நாற்பது அடிப் பெட்டி ஒன்று என்றால் இரண்டு! உலகம் முழுவதும் இதுதான் அளவு. ‘டிஇயு’ என்று சொல்வார்கள். இருபது அடிக்குச் சமமான ஓர் அலகு என்று அர்த்தம். இதில் மோசடி ஒன்றும் இல்லை. கப்பலில் எவ்வளவு இடம் அடைபடுகிறது என்பது கப்பல்காரருக்கும் துறைமுகத்துக்கும் தெரிய வேண்டும். அவர்களுக்கு இடம்தான் சரக்கு. ஆனால் கிரேன் நாற்பது அடிப் பெட்டியை ஒரே தடவைதான் தூக்குகிறது. சில கிரேன்களோ இரண்டு இருபது அடிப் பெட்டிகளைச் சேர்த்து ஒரே தூக்கில் தூக்கிவிடும். கிரேன் ஓட்டுகிறவரின் கணக்குக்கும் துறைமுகத்தின் கணக்குக்கும் ஒரே நாளில் இரண்டு விடை வரும்.

திருவொற்றியூரில் டீக்கடை ஒன்றில் டிரெய்லர் ஓட்டுநர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தபோது இந்தக் கணக்கைச் சொன்னேன். அவருடைய வண்டி வரிசையில் வெகு நேரமாக நகராமல் நின்றுகொண்டிருந்தது. பின்னால் நாற்பது அடிப் பெட்டி. “உங்கள் வண்டியில் இருப்பது துறைமுகக் கணக்குப்படி இரண்டு” என்றேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

“அவுங்களுக்கு ரெண்டா கீட்டும் சார், நாலா கீட்டும். எனக்கு அது ஒரு டிரிப்பு. இருவது அடின்னாலும் ஒரு டிரிப்பு, நாப்பது அடின்னாலும் ஒரு டிரிப்பு. படி டிரிப்புக்குத்தான். இப்படி லைன்ல நிக்கிறேன் பாரு, இது எந்தக் கணக்குலயும் வராது.”

அவர் சொன்னதில் கோபம்கூட இல்லை. வெயிலைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். அவர் கடைசியாகச் சொன்ன வாக்கியம்தான் என்னைத் தொல்லைப்படுத்திக்கொண்டே இருக்கிறது. பெட்டி இரண்டாக எண்ணப்படுகிறது. பயணம் ஒன்றாக எண்ணப்படுகிறது. காத்திருப்பு எண்ணப்படுவதே இல்லை. மூன்றும் ஒரே சாலையில், ஒரே வண்டியில், ஒரே மனிதருக்கு நடக்கின்றன. எது ‘ஒன்று’ என்பதை அவர் தீர்மானிக்கவில்லை. தீர்மானித்தவர்கள் அந்த வரிசையில் நிற்கவில்லை.

இதே துறைமுகத்தில் ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு நல்ல விடை காண முயன்றார்கள். அதைச் சொல்வதற்கு மறுபடி கம்ப்யூட்டரிடம் போக வேண்டும். லினக்ஸில் இன்னோர் இடத்தில் மூன்று சின்னஞ்சிறு கோப்புகள் இருக்கின்றன. முதலாவது, இந்த இயந்திரத்தில் இருக்கக்கூடிய பிராசஸர்கள். இரண்டாவது, உண்மையில் வந்து சேர்ந்திருக்கிற பிராசஸர்கள். மூன்றாவது, இந்த நிமிஷம் வேலையில் நிற்கிற பிராசஸர்கள். மூன்று எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இடம் இருந்தும் ஆள் வராமல் இருக்கலாம். ஆள் வந்தும் வேலை கொடுக்கப்படாமல் இருக்கலாம்.

பழைய துறைமுகத்தில் கப்பலுக்குச் சரக்கு ஏற்றி இறக்கும் கூலிகளுக்கு மூன்றாவது கணக்கு மட்டும்தான் இருந்தது. விடியற்காலையில் வாசலில் கூட்டம் நிற்கும். மேஸ்திரி கை காட்டியவன் உள்ளே போவான். அவன்தான் அன்றைக்குத் தொழிலாளி. கை காட்டப்படாதவன் வீட்டுக்குத் திரும்புவான். அவன் வந்தான் என்பதற்கு எந்த ஏட்டிலும் சாட்சி இராது. 1948-ல் இயற்றப்பட்ட துறைமுகத் தொழிலாளர் சட்டம் இதை மாற்ற முனைந்தது. சென்னையிலும் அதன்கீழ் ஒரு வாரியம் அமைந்தது. தொழிலாளர்களைப் பதிவு செய்தார்கள். பதிவானவன் வந்து நின்றும் வேலை கிடைக்கவில்லை என்றால், வந்ததற்காக ஒரு படி உண்டு என்ற ஏற்பாடு வந்தது. அதாவது, ‘வேலையில் நிற்பவன்’ என்ற கணக்கோடு ‘வந்திருப்பவன்’ என்ற கணக்கையும் ஏட்டில் ஏற்றினார்கள். காலம் மாறிற்று. பெட்டிகள் வந்தன, ஆட்கள் குறைந்தார்கள். பெரிய துறைமுகங்களில் அந்தச் சட்டத்தை நிறுத்தி, வாரியங்களைத் துறைமுகத்தோடு சேர்த்துக்கொள்ள 1997-ல் வேறொரு சட்டம் வழி செய்தது. அது நல்லதா கெட்டதா என்ற விவாதம் இங்கே வேண்டாம். காத்திருப்பவனையும் எண்ண முடியும், எண்ணிக் காசாக்கவும் முடியும் என்பதை இந்தத் துறைமுகமே ஒரு காலத்தில் காட்டியிருக்கிறது. ஓட்டுநரின் காத்திருப்பை எண்ணுவது ஆகாத காரியம் என்று இனி யாரும் சொல்ல முடியாது. எண்ணவில்லை, அவ்வளவுதான்.

‘ஒன்று’ என்பதன் அர்த்தத்தில் பணம் இருக்கிறது என்பதைக் கம்ப்யூட்டர்க்காரர்களும் கோர்ட்டு வரை போய்த்தான் தெரிந்துகொண்டார்கள். ஏஎம்டி கம்பெனி 2011-ல் ‘புல்டோசர்’ என்ற வகைச் சில்லை வெளியிட்டது. எட்டுக் கோர் என்று விளம்பரம். ஆனால் உள்ளே கோர்கள் ஜோடி ஜோடியாக இருந்தன. தசமக் கணக்குப் போடும் பகுதி ஒவ்வொரு ஜோடிக்கும் பொது. இரண்டு பேருக்கு ஒரு கத்தி. விண்டோஸ் முதலில் எட்டுப் பேரையும் தனித்தனி ஆளாகவே பாவித்து வேலை கொடுத்துப் பார்த்தது. 2012-ல் ஒரு திருத்தம் வெளியிட்டு, ஜோடிகளை உடன்பிறப்புகளாக நடத்தத் தொடங்கியது. 2015-ல் அமெரிக்காவில் வாங்கியவர்கள் சிலர், ‘எட்டு என்று சொல்லி நான்கைக் கொடுத்துவிட்டார்கள்’ என்று வழக்குப் போட்டார்கள். 2019-ல் 1 கோடியே 21 லட்சம் டாலர் கொடுத்து வழக்கைச் சமாதானமாக முடித்துக்கொண்டது கம்பெனி. சமாதானம் ஆகிவிட்டதால், ‘கோர் என்றால் என்ன?’ என்ற கேள்விக்கு நீதிபதியின் விடை கிடைக்கவே இல்லை!

இதற்கு நேர்மாறான ஒரு உதாரணமும் நம் ஊரிலேயே உண்டு. தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் ‘கப்ரு’ என்று இமயமலைச் சிகரம் ஒன்றின் பெயர் வைத்து ஒரு பெருங்கணினியைக் கட்டினார்கள். 144 கம்ப்யூட்டர்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு ஜியான் பிராசஸர்கள். 2004-ல் அது உலகத்தின் தலைசிறந்த ஐந்நூறு கணினிகளின் பட்டியலில் இடம் பெற்றது. அந்த ரகச் சில்லுகளுக்குத் தம்மை இரண்டாகக் காட்டிக்கொள்ளும் வித்தை தெரியும். சீட்டுகளை எண்ணியிருந்தால் 576 என்று போட்டிருக்கலாம். பட்டியலில் 288 என்றுதான் பதிவாயிற்று. அந்தப் பட்டியலில் எது ஒன்று என்பது எல்லாருக்கும் பொதுவாக முன்கூட்டியே தீர்மானமாகியிருந்ததுதான் காரணம். எல்லாரும் ஒரே படியால் அளக்கும்போது யாரும் படியைக் குலுக்கிக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை.

ஒன்றை இரண்டாக எண்ணுவதால் என்ன நஷ்டம், சும்மா ஒரு சொல்தானே என்று கேட்கலாம். ஆபத்து வருகிறபோதுதான் தெரியும். ஒரே கோரைப் பங்கிட்டுக்கொள்ளும் இரண்டு நிரல்களுக்கு நடுவே இருக்கும் சுவர் மெல்லியது. ஒன்றின் ரகசியத்தை மற்றொன்று ஒட்டுக் கேட்க வழி உண்டு என்று ஆராய்ச்சியாளர்கள் 2018-ஐ ஒட்டிக் காட்டினார்கள். ‘ஓபன் பிஎஸ்டி’ என்ற இயங்குதளத்தைச் செய்கிறவர்கள் அந்த ஆண்டே, ‘இரண்டாவது சீட்டே வேண்டாம்’ என்று அந்த வசதியை அணைத்து வைத்துவிட்டார்கள். ஒண்டுக்குடித்தனத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குடும்ப அட்டை எட்டாக இருக்கலாம். ராத்திரியில் பக்கத்து அறையில் இருமுகிறவரின் இருமல் எட்டுப் பேருக்கும் கேட்கும்.

எண்ணுவதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. இது ஒன்று, அது ஒன்று, ஆக இரண்டு என்று கூட்டும்போதே, இதுவும் அதுவும் சமம் என்று நம்மை அறியாமல் சொல்லிவிடுகிறோம். இன்டெல் 2021-ல் வெளியிட்ட ஒரு சில்லில் பதினாறு கோர்கள். எட்டு பெரியவை, எட்டு சிறியவை. பெரியவற்றுக்கு இரண்டு சீட்டு, சிறியவற்றுக்கு ஒன்று. மொத்தம் இருபத்து நான்கு. இதில் ‘பதினாறு’ என்று சொன்னாலும் ‘இருபத்து நான்கு’ என்று சொன்னாலும் யானையையும் குதிரையையும் சேர்த்து எண்ணியதுதான். நம் தேசத்து 2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தவர் முதன்மைத் தொழிலாளர். அதற்குக் குறைந்தவர் குறுந்தொழிலாளர். வீட்டு வேலை மட்டும் செய்கிறவள் தொழிலாளரே அல்ல. விடியுமுன் எழுந்து, தண்ணீர் பிடித்து, பொங்கி, துவைத்து, பிள்ளைகளையும் கிழவர்களையும் பார்த்து, எல்லாரும் தூங்கின பிறகு தூங்குகிறவள் அந்த ஜாபிதாவில் பூஜ்யம். எண்ணியவர்கள் யோக்கியர்கள்தாம், கூட்டலில் பிழை இல்லை. ‘ஒன்று’ என்பதற்கு வைத்த இலக்கணத்தில் அவள் அகப்படவில்லை.

இதற்கு ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. எல்லா விவரத்தையும் சொல்லிக்கொண்டிருந்தால் காரியம் நடக்குமா? மேஸ்திரிக்கு ஒரு எண் வேண்டும். மந்திரிக்கு ஒரு எண் வேண்டும். முதலாளிக்கு ஒரு எண் வேண்டும். ஓட்டுநரின் காத்திருப்பு, அவருடைய டீ, அவருடைய பெருமூச்சு என்று எழுதிக்கொண்டே போனால் கப்பல் கரையிலேயே நிற்க வேண்டியதுதான். உண்மை. சுருக்கிச் சொல்வது பாவமல்ல. சுருக்காமல் எந்தக் கணக்கும் இல்லை. கதை எழுதுகிறவனுக்கு இது நன்றாகவே தெரியும். ஆயிரம் பேர் வாழ்கிற தெருவிலிருந்து நான்கு பேரைத்தான் அவன் பொறுக்கி எடுக்கிறான்.

ஆனால் சுருக்குவது வேறு, மறைப்பது வேறு. இரண்டுக்கும் நடுவே உள்ள எல்லைக்கோடு எது? அந்த அடிவரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பதினாறு என்று தலைப்பில் சொல்லிவிட்டு, கோர் எட்டு என்று கீழே எழுதி வைப்பது சுருக்கம். கீழே உள்ள வரியை அழித்துவிட்டால் அதே பதினாறு வஞ்சகமாகிவிடும். எண் மாறவில்லை. கேட்டவன் மேலும் கேட்பதற்கு இருந்த வழி அடைபட்டுவிட்டது. ஆகவே எண்ணிச் சொல்லும் பொறுப்பில் உள்ளவனுடைய தர்மம் சரியாகக் கூட்டுவதோடு தீர்ந்துவிடாது. ‘நான் இதைத்தான் ஒன்று என்று வைத்துக்கொண்டேன், வேறு விதமாக எண்ண விரும்புகிறவன் இதோ இங்கிருந்து எண்ணலாம்’ என்று ஒரு வரி எழுதி வைக்கிற வரைக்கும் அது நீள்கிறது.

கேட்கிறவனுக்கும் ஒரு தர்மம் உண்டு. ‘எத்தனை?’ என்று கேட்டு, பெரிய எண்ணாக வந்தால் மகிழ்ந்துபோய் எழுந்துவிடாமல், ‘எதை ஒன்று என்று வைத்தீர்கள்?’ என்று கேட்க வேண்டும். இத்தனை லட்சம் டிஇயு என்றால், எத்தனை பெட்டி, எத்தனை பயணம், ஒவ்வொரு பயணத்துக்கும் எத்தனை மணி நேரம் என்று கேட்க வேண்டும். இத்தனை ஆயிரம் பேருக்கு வேலை என்றால், வருஷத்தில் எத்தனை நாள், எந்தச் சம்பளத்தில் என்று கேட்க வேண்டும். இத்தனை வீட்டுக்குக் குழாய் என்றால், தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது என்று கேட்க வேண்டும். இதெல்லாம் குதர்க்கம் என்று சொல்கிறவர்கள் இருப்பார்கள். அந்த அடுத்த தெருப் பிள்ளை அப்படிச் சொல்லவில்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அவனே திருப்பிக் கேட்டான். மூன்று விடைகளும் தன் கையில் இருந்ததால் அவனுக்கு அது எளிதாக இருந்தது.

ஓர் இயந்திரத்திடம் எத்தனை பிராசஸர் என்று கேட்டால், தலைப்பில் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு, அடியில் மற்ற எண்களையும் எழுதி வைக்கிறது. அதைச் செய்தவர்கள் அப்படி எழுத வேண்டும் என்று நினைத்து எழுதினார்கள். மனிதர்களை எண்ணுகிற ஏடுகளையும் மனிதர்கள்தாம் எழுதுகிறார்கள். அவற்றிலும் அந்த ஒரு வரிக்கு இடம் இல்லாமலா போகும்?